கோணவாலியின் வலப்பக்கம்

துணிமில்லில் வேலை பார்த்த காலத்திலேயே அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த இழை, இடம் தப்பிய பூ, எண்ணெய்க் கறை என்று எது கண்ணில் பட்டாலும் சாக்கட்டியால் ஒரு கோடு இழுக்க வேண்டும், அதுதான் வேலை. அவள் தன் மேசையோடு நின்றுகொள்ளவில்லை. பக்கத்து மேசைத் துணியில் இருக்கும் குறையையும் இருந்த இடத்திலிருந்தே சொல்லி எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டாள். மில்லை மூடியபோது மற்றவர்கள் சம்பளம் போயிற்றே என்று அழுதார்கள். இவள் அதற்கும் அழுதாள், இனிமேல் குறை சொல்ல ஒன்றும் இல்லையே என்றும் அழுதாள். வீட்டில் அந்த வேலைக்குப் பஞ்சமே வந்ததில்லை என்பது அவள் புருஷனின் கருத்து.

புருஷன் பஸ் டிரைவர். நகரத்திலிருந்து கிளம்பிக் காட்டை நடுவில் பிளந்துகொண்டு போகும் நெடுஞ்சாலையில்தான் அவருடைய வண்டி ஓடுகிறது. பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை அவர்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னார். வனவிலங்கு அறக்கட்டளை ஒன்றுக்குப் பொறுமையாக உட்கார்ந்து படம் பார்க்க ஆள் வேண்டுமாம்.

"சினிமாப் படம் இல்லம்மா, மிருகப் படம். உன்னை மனசுல வச்சே எழுதின மாதிரி இருக்கு. போய்த்தான் பாரேன்" என்றார்.

டைல்ஸ் கடைக்கு மேலே ஒரு நீள அறைதான் அலுவலகம். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பெஞ்சு, சுவர் முழுக்கக் காட்டின் வரைபடம், ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி. டைரக்டர் மேடம் திரையில் ஒரு படத்தைக் காட்டி, "இதுல என்ன தெரியுது?" என்று கேட்டார். படம் முழுக்கப் புல்தான்.

"மூலையில ஒரு முயல் காது தெரியுது. அது கிடக்கட்டும் மேடம், கேமராவை இப்படிக் கோணலா கட்டியிருக்காங்களே, யாரு கட்டினது?"

கட்டினவர் பின்னாலேயே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். காட்டில் மரங்களில் கட்டியிருக்கும் கேமராக்களைச் சுற்றிவந்து, நிறைந்த மெமரி கார்டை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுகிறவர். கார்டு அண்ணன் என்று பெயர். வேலை அவளுக்கு அன்றே கிடைத்துவிட்டது. கார்டு அண்ணன் முகம் கொடுத்துப் பேசத்தான் நாளாயிற்று.

அந்தக் கேமராக்களுக்கு முன்னால் எது அசைந்தாலும் தானாகப் படம் எடுத்துக்கொள்ளும். காற்றில் இலை ஆடினாலும் எடுக்கும், மழை பெய்தாலும் எடுக்கும். ஆயிரம் படத்தில் மிருகம் இருப்பது சொற்பம். மிருகம் இல்லாததைக் கழித்துவிட்டு, இருப்பதில் எது மான், எது பன்றி, எது சிறுத்தை என்று பிரிப்பது அவள் வேலை. சிறுத்தை வந்தால் அதன் புள்ளிகளைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு அது எந்தச் சிறுத்தை என்று சொல்ல ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் இருந்தது. அதற்கு அறையில் மாப்பிள்ளை என்று பெயர். கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டும், ஏசியைப் போட்டுக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும், இவ்வளவு உபசாரத்துக்கும் பிறகு ஒரு கேள்வி கேட்டால் பிடிகொடுக்காமல் பதில் சொல்லும். வேறு என்ன பெயர் வைப்பது?

சிறுத்தையின் புள்ளிகள் நம் கைரேகை போல, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே சிறுத்தைக்கு இடப்பக்கப் புள்ளிகள் வேறு, வலப்பக்கப் புள்ளிகள் வேறு. ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தைச் சொல்லவே முடியாது. இரண்டு பக்கமும் ஒரே உடம்பு என்று நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் எதிரும் புதிருமாக இரண்டு கேமரா கட்டி, நடுவே அது நடக்கும்போது ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். அன்றைக்கு அறக்கட்டளையிடம் இருந்த பணத்தில் இடத்துக்கு ஒரு கேமராதான் கட்ட முடிந்தது.

சாலைக்கு மேற்கே ஓடைக்கரையில் ஒரு கேமரா. அதில் ஒரு பெண் சிறுத்தை அடிக்கடி வரும். போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறு, அதனால் எப்போதும் அதன் இடப்பக்கம்தான் விழும். வால் நுனி ஒருபக்கமாக ஒடிந்து மடங்கியிருந்ததால் அவள்தான் அதற்குக் கோணவாலி என்று பெயர் வைத்தாள். சாலைக்குக் கிழக்கே பாறைச் சரிவில் இன்னொரு கேமரா. ஒருநாள் அதில் ஒரு பெண் சிறுத்தையின் வலப்பக்கம் விழுந்தது. வால் நுனி மடங்கியிருந்தது.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளையைக் கேட்டால், ஒப்பிட வழியில்லை, உறுதி சொல்ல முடியாது என்று வந்தது. "உன்னை யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டு, இரண்டும் ஒன்றே என்ற கட்டத்தில் அவளே டிக் போட்டாள். டைரக்டர் மேடமும், "அக்கா கண்ணு தப்பாது" என்று விட்டுவிட்டார்.

அந்த ஒரு டிக்குக்கு என்ன அர்த்தம் என்றால், மேற்கே இருக்கும் சிறுத்தை கிழக்கே போய் வருகிறது. சாலைக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போக ஒரு சிறு பாலம் இருக்கிறது. ஆள் குனியாமல் நடக்கலாம். அதன் வழியாகத்தான் கோணவாலி போய் வருகிறது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். இதைக் கேட்டு நகரத்து நிதி நிறுவனம் ஒன்று முன்வந்தது. போனில் ஒரு செயலி செய்தார்கள். யார் வேண்டுமானாலும் மாதாமாதம் சிறு தொகை கட்டிக் கோணவாலியைப் பின்தொடரலாம். ஒரு பக்கத்துக் கேமராவில் விழுந்த பிறகு மறுபக்கத்தில் விழுந்தால், சாலையைக் கடந்தது என்று எல்லோர் போனிலும் ஒரு மணி அடிக்கும், நிறுவனம் தன் பங்குக்குப் பணம் போடும். அந்தப் பணத்தில்தான் பாலத்தின் மேற்கு வாயை ஒட்டியிருந்த துண்டு நிலத்தை அதன் சொந்தக்காரரிடம் குத்தகைக்கு எடுத்து, வேலி போடாமல் காடாகவே விட்டுவைத்திருந்தார்கள். அறக்கட்டளை விட்டால் அள்ளிக்கொண்டுபோக ஒரு கிடங்குக் கம்பெனி காத்துக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோணவாலியை வரைந்து அனுப்பினார்கள். டிரைவர் பஸ்ஸில் ஏறுகிற ஆட்களிடம், "இந்தப் பாலத்துக்குக் கீழதாங்க போகும். என் சம்சாரம்தான் கண்டுபிடிச்சது" என்று சொல்லாத நாள் கிடையாது. கேட்கிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், அது பழகினவங்க கண்ணுக்குத்தான் படும் என்றுகூட அள்ளிவிடுவார்.

மழை விட்ட ஒரு வாரத்தில் கார்டு அண்ணன் இரண்டு பக்கத்துக் கார்டுகளையும் ஒன்றாகக் கொண்டுவந்தார். காலை டீ ஆறுவதற்குள் அவள் மேற்குக் கார்டை முடித்துவிட்டாள். ஒரு விடியற்காலைப் படத்தில் கோணவாலி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் கிழக்குக் கார்டைத் திறந்தாள். அதிலும் கோணவாலி, பாறைமேல் உட்கார்ந்திருந்தது. தேதியைப் பார்த்தாள். அதே நாள். மணியைப் பார்த்தாள். அதே விடியற்காலை. இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு குன்றும் ஒரு நெடுஞ்சாலையும் இருக்கின்றன.

தப்பு கடிகாரத்தில் இருக்கட்டும், கடவுளே, கடிகாரத்தில் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு கார்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கேமராவுல மணி தப்பா ஓடுமா?"

"என் கேமரா கோணலா இருக்கலாம் தங்கச்சி. கடிகாரம் தப்பாது" என்றார் அவர். பழைய கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது போல. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கிளம்பிப் போனார். மறுநாள் வந்து, தன் போன் கடிகாரத்தோடு இரண்டையும் ஒத்துப்பார்த்ததாகவும் இரண்டும் சரி என்றும் சொன்னார். சொல்லும்போது அவருக்கே கஷ்டமாக இருந்தது.

அவள் இரண்டு வருஷத்துக் கிழக்குப் படங்களை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு முதலிலிருந்து பார்த்தாள். நடக்கும்போது அந்தச் சிறுத்தை வால் நுனியைச் சுருட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். உட்கார்ந்திருந்த படத்தில் வால் குச்சி மாதிரி நேராகக் கிடந்தது. மேற்கேயுள்ள கோணவாலிக்குத்தான் வால் நிஜமாகவே ஒடிந்திருந்தது. நேரான வால் தெரிகிற இன்னும் இரண்டு பழைய படங்கள்கூட இருந்தன. அவளே அவற்றைப் பார்த்து, அவளே கோணவாலி என்று எழுதியிருந்தாள். புல்லுக்குள் முயல் காதைக் கண்டவளுக்கு முழு வால் கண்ணில் படவில்லை. முடிவு பண்ணிவிட்டுப் பார்க்கிற கண்ணுக்கு எது தெரியும்? அவமானத்தில் காது சூடாயிற்று. அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் சமையலறையில் பாத்திரங்கள் இருக்க வேண்டியதைவிட அதிகமாகச் சத்தம் போட்டன. டிரைவர் வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் அதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப ரெண்டு சிறுத்தையா? நல்ல விஷயம்தானேம்மா. ஒண்ணு கூடியிருக்கு."

"கூடலைங்க. தாண்டுறது ஒண்ணும் இல்ல, அதுதான் விஷயம். இந்தப் பக்கத்துது இந்தப் பக்கமே, அந்தப் பக்கத்துது அந்தப் பக்கமே. காட்டை ரோடு ரெண்டா வெட்டிப் போட்டிருக்கு. நான் ரெண்டு வருஷமா ஒண்ணா ஒட்டிக் காட்டிட்டிருந்திருக்கேன்."

அவர் பானைப் பக்கம் போனார். தண்ணீர் மொண்டு குடித்தார். சொம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"போன மழைக்காலத்துல பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால ஒரு சிறுத்தைக் குட்டி அடிபட்டுக் கிடந்துச்சு" என்றார். "உன்கிட்ட சொல்லல. கோணவாலிதான் கீழ போகுதே, இது ஏதோ வழி தப்பின குட்டின்னு நினைச்சுக்கிட்டேன். ஓரமா எடுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்."

அவளுக்குத் தன் வேலை போய்விடுமோ என்ற பயம் அதுவரைக்கும் இருந்தது. அந்த நிமிஷத்தில் அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை டைரக்டர் மேடத்தின் மேசைமேல் இரண்டு படத்தையும் வைத்தாள். மேடம் நிறைய படித்தவர், சட்டென்று புரிந்துகொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. குத்தகையைப் புதுப்பிக்கப் பணம் தருவதா வேண்டாமா என்று நிதி நிறுவனம் கூடிப் பேசும் நாள் அடுத்த வாரம்தான் இருந்தது.

"கூட்டம் முடியட்டுமாக்கா? அப்புறம் சொல்லிக்கலாமே" என்றார், அவளைப் பார்க்காமல்.

"மில்லுல கறையைப் பாத்துட்டுக் கோடு போடாம விட்டா துணி மடிச்சுப் போயிடும் மேடம். வாங்கினவன் வீட்டுல போய்ப் பிரிச்சுப் பாப்பான். நம்மகிட்ட வந்து சண்டை போட மாட்டான். அடுத்த தடவை வாங்க மாட்டான், அவ்வளவுதான்."

மேடம் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "சரி. முதல்ல போய் அந்தப் பாலத்தைப் பாப்போம். இத்தனை நாளா நாம ஒருத்தரும் அதுக்குள்ள இறங்கிப் பாக்கவே இல்ல, தெரியுமா?"

உண்மைதான். அங்கே ஒருமுறை கட்டிய கேமரா வெள்ளத்தில் போய்விட்டது. அதற்குள் படங்கள் நல்லபடியாக வர ஆரம்பித்ததால் மறுபடி கட்ட யாருக்கும் தோன்றவில்லை. மேற்குக் கேமராவுக்குப் போக ஒரு பாதை, கிழக்குக் கேமராவுக்குப் போக வேறு பாதை. தகவல் அமோகமாக இருக்கும்போது சேற்றில் இறங்க யாருக்கு வேலையத்துப் போயிற்று?

மூன்று பேரும் இறங்கினார்கள். மேற்கு வாயிலிருந்து பார்க்கும்போது அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. உள்ளே நடந்து போன பிறகுதான் அந்த வெளிச்சம் கட்டம் கட்டமாக இருப்பது புரிந்தது. கிழக்கு வாயை மேலிருந்து கீழ்வரை கனத்த கம்பிவலை அடைத்திருந்தது. எப்போதோ சாலை வேலை நடந்தபோது கல்லும் கட்டையும் ஓடையில் விழாமல் இருக்கப் போட்டுவிட்டு எடுக்க மறந்துபோயிருக்கிறார்கள். வலை முழுக்கச் சருகும் பிளாஸ்டிக் பையும் மாட்டிக் காய்ந்து கிடந்தன. கார்டு அண்ணன் வலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை.

"எலிகூட போக முடியாது" என்றார் மெதுவாக. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கூட்டத்தில் நிதி நிறுவனத்தின் சார்பாகப் பேசியவர் முன்பு வங்கியில் இருந்தவர். கம்ப்யூட்டர் திரையில் அவர் முகம் மட்டும் தெரிந்தது, அதில் சிரிப்பு எந்தப் பக்கமும் இல்லை. டைரக்டர் மேடம் வணக்கம் சொல்லிவிட்டு, "எங்க அக்கா ஒரு விஷயம் சொல்லணும்" என்று நாற்காலியை அவளிடம் தள்ளிவிட்டார். பூசி மெழுகத் தெரியாதவள், நேராகவே சொன்னாள். ஒடிந்த வாலைக் காட்டினாள், நேர் வாலைக் காட்டினாள், கம்பிவலையைக் காட்டினாள்.

"அப்ப இதுவரைக்கும் அடிச்ச மணியெல்லாம்?"

"தப்புங்க சார்."

"யாரு செஞ்ச தப்பு?"

"நான்தான் சார். மிஷின் முடியாதுன்னுதான் சொல்லிச்சு. நான்தான் கேக்கல."

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். "தகவல் தப்பா இருந்தா பணத்தை நிறுத்தணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. தப்புன்னு நீங்களே வந்து சொன்னா என்ன பண்றதுன்னு அதுல இல்ல" என்றார். அப்புறம் அவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் தன் ஆட்களோடு பேசப் போனார். திரும்பி வந்து சொன்னது இதுதான். சாலையைக் கடந்ததற்கென்று தரும் பணம் இன்றோடு நிற்கிறது. நிலத்துக்குக் குத்தகைப் பணம் இன்னும் ஒரு வருஷத்துக்கு வரும், பாலத்துக்குள் ஜோடிக் கேமரா வைக்கவும் தருவார்கள். இனி ஒரு ஆள் தனியாக டிக் போடக் கூடாது. அடுத்த வருஷக் கூட்டத்துக்குள் ஒரு சிறுத்தையாவது நிஜமாகவே கடந்தால் மேற்கொண்டு பேசலாம். கடக்கவில்லையென்றால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

செயலியில் பணம் கட்டுகிறவர்களுக்கு யார் சொல்வது என்ற கேள்வி வந்தபோது டைரக்டர் மேடம் எழுதிய செய்தி நாலு பக்கம் ஓடியது. அதில் தவறு என்ற சொல் மூன்றாம் பக்கத்தில்தான் வந்தது. பூதக்கண்ணாடி அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தானே எழுதினாள்.

"உங்கள் போனில் இதுவரை அடித்த மணி எல்லாம் தவறு. கோணவாலி சாலையைக் கடக்கவே இல்லை. கிழக்கே இருப்பது வேறு சிறுத்தை. இரண்டையும் ஒன்று என்று நினைத்தது நான். பாலத்தடியில் கம்பிவலை இருந்தது, அதை அறுத்து எடுக்கப் போகிறோம். எதுவாவது கடந்தால் சொல்கிறோம். கடக்காவிட்டாலும் சொல்கிறோம்."

பலர் விலகிப் போனார்கள். சிலர் திட்டினார்கள், அதில் இரண்டு மூன்று திட்டு நன்றாகவே இருந்தது என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஒரு அப்பா, என் மகளிடம் இதை எப்படிச் சொல்வேன் என்று கேட்டிருந்தார். இரண்டு நாள் கழித்து அவரே, சொல்லிவிட்டேன், அந்த இன்னொரு சிறுத்தைக்குப் பெயர் உண்டா என்று கேட்கச் சொல்கிறாள் என்று எழுதினார். ஒருவர் ஒரு வார்த்தைகூட எழுதாமல், வலையை அறுக்க வெல்டர் கூலி என்று போட்டுப் பணம் அனுப்பியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு இன்னும் பலர் அனுப்பினார்கள்.

டிரைவரின் பாடுதான் திண்டாட்டம். தினமும் வருகிற பயணிகள் அவரைச் சும்மா விடுவார்களா? "என்ன டிரைவர், உங்க வீட்டம்மாவோட சிறுத்தை எப்படி இருக்கு?" என்று முன்சீட்டில் உட்கார்ந்து கேட்பார்கள். முதலில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு காது கேட்காத மாதிரி இருந்தார். பிறகு, "ஒண்ணு இல்லைங்க, ரெண்டாம். ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமே இல்லையாம்" என்று தவணை முறையில் உண்மையைச் சொன்னார். பாலத்துக்கு முன்னால் வண்டி மெதுவாகப் போவதைப் பற்றி யாராவது முணுமுணுத்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

வலையை அறுத்தார்கள். வெள்ளம் அரித்துப் பள்ளமாக்கிய இடத்தில் மண் கொட்டிப் படி மாதிரி சரித்தார்கள். இரண்டு சுவரிலும் எதிரெதிரே கேமரா கட்டினார்கள். கார்டு அண்ணன் கட்டிவிட்டு கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற கருவியை மேலே வைத்துப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினார், கோணல் இல்லை என்று காட்ட. செயலியையும் மாற்றினார்கள். மிருகம் விழுந்த படத்தைப் பணம் கட்டுகிற எல்லோருக்கும் காட்டி, இதுவும் அதுவும் ஒன்றா, வேறா, தெரியவில்லையா என்று கேட்டார்கள். தெரியவில்லை என்ற மூன்றாவது பொத்தான் அவள் பிடிவாதமாகக் கேட்டு வைத்தது. தனக்கு ஒன்று அப்படி இருந்திருந்தால் அமுக்கியிருப்பேனா என்று அவளுக்கே சந்தேகம்தான்.

பாலத்துக்குள் முதலில் வந்தது ஒரு கீரி. அதற்கே ஊரெல்லாம் வாழ்த்து. பிறகு ஒரு முள்ளம்பன்றி, வாரம் தவறாமல், ஏதோ டூட்டிக்குப் போகிற மாதிரி போய் வந்தது. இரண்டு நாய்கள் வந்தன. மழைக்கு ஒதுங்கின ஒரு ஆள் குடையை மடக்கிக்கொண்டு கேமராவுக்கு நேராகத் தலை வாரிக்கொண்டார். செயலிக்காரர்களில் ஒருவர் அந்தப் படத்துக்குத் தெரியவில்லை என்று பதில் போட்டிருந்தார். மிளா மான் வந்தது, காட்டுப்பூனை வந்தது. சிறுத்தை வரவில்லை. வெயில் காலம் போய் மழை வந்தது, மழையும் விட்டது. கிடங்குக் கம்பெனிக்காரர்கள் ஒருநாள் வந்து நிலத்தை அளந்து குறி வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த கூட்டத்துக்கு மேடம் தேதி குறித்தார். குறிக்கும்போது அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அவள் மட்டும் காலையில் வந்ததும் பாலத்துக் கார்டைத்தான் முதலில் திறப்பாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் அதையும் எழுதிச் செயலியில் போடுவாள். இன்றும் இல்லை. முள்ளம்பன்றி நலம்.

கூட்டம் நெருங்கிவிட்ட ஒரு காலையில் கார்டு அண்ணன் படியேறி வந்தார். வழக்கமாக வாசலிலேயே டீ எங்கே என்று கேட்கிறவர், அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. கார்டை மேசைமேல் வைத்துவிட்டு, "வழியிலேயே பாத்துட்டேன். நான் ஒண்ணும் சொல்லல, நீயே பாரு" என்றார்.

புதுக் கேமராக்கள் படத்தோடு சில விநாடி காட்சியும் சத்தமும் சேர்த்து எடுக்கும். திரையில் பாலத்தின் கிழக்கு வாய், விடியற்காலைச் சாம்பல் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் ஒரு சிறுத்தை வந்து நின்றது. ஈரக் கால்களோடு இரண்டடி வைத்தது. அப்போது மேலே சாலையில் கனமான ஒரு வண்டி வரும் சத்தம் கேட்டது. அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் எந்த பஸ் போகும், யார் ஓட்டுவார் என்று அவளுக்குத் தெரியும். சிறுத்தை காதை மடக்கிக்கொண்டு தரையோடு பதுங்கியது. வண்டி அவசரமில்லாமல் மெதுவாகப் போயிற்று. சத்தம் அடங்கியது. சிறுத்தை எழுந்து, உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு, கேமராக்களுக்கு நடுவே நடந்து மேற்கு வாய் வழியாக வெளியே போனது. நடக்கும்போது வால் நுனி சுருண்டிருந்தது.

வலப்பக்கக் கேமராவின் படத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்தார்கள். கிழக்குப் பாறையில் இருக்கும் அதே சிறுத்தை என்று இந்த முறை தயங்காமல் சொன்னது. அந்தப் படத்தைச் செயலியிலும் போட்டார்கள், ஒன்றுதான், ஒன்றுதான் என்று பதில் வந்துகொண்டே இருந்தது. மேடம் டிக் போட்டார். கார்டு அண்ணன் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டார். மூன்றாவது டிக் அவளுடையது.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எதிர்ச்சுவர்க் கேமராவில் விழுந்த இடப்பக்கப் படத்தைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளிலிருந்து இடுப்புவரை புள்ளிகள் நெருக்கமாக இறங்கி, விலா நடுவில் மூன்று வளையம் ஒன்றோடொன்று கோத்தாற்போல இருந்தன. இந்த உடம்புக்கு இரண்டு வருஷம் அவள் வேறொன்றின் பக்கத்தை ஒட்டிவைத்திருந்தாள். இது இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, உலகத்தில் யாருக்குமே தெரியாது.

"அக்கா" என்றார் மேடம் மெதுவாக. "வலப்பக்கம் சரிதானே?"

"சரி மேடம்."

"இடப்பக்கம்?"

கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். நிற்காமல் வழிந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

"எனக்கு எப்படி மேடம் தெரியும்? இன்னைக்குத்தானே பாக்கறேன்" என்றாள்.